கலியாண வீடியோவில் ஓடித் திரிந்த சூரியகாந்தி

வாடிக்கையாளர் ஒருவர் கடைக்குள் வந்து, "வீட்டு வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எடிட் பண்ண எந்த சொஃப்ட்வெயார் நல்லது?" என்று கேட்டதும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் உடனே பதில் சொல்லிவிடுகிறீர்கள். அண்மையில் ஒரு கீபோர்ட் வாங்க வந்தபோது நின்று கவனித்தேன். அந்த மனிதர் கேள்வியை முடிக்குமுன்பே உங்களில் ஒருவர் மூன்று பெயர்களைச் சொல்லி, மூன்றுக்கும் உள்ள வித்தியாசங்களையும் அடுக்கிவிட்டார். வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு பென் டிரைவ் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். "புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க மிஸ்" என்று முதலாளி என்னிடம் கேட்டதற்கு அந்த பென் டிரைவ்தான் காரணமாக இருக்க வேண்டும்.

நான் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இந்தக் கடையில் சேர்ந்த காலத்தில் சொஃப்ட்வெயார் அட்டைப் பெட்டியில் வரும். பெரிய பெட்டி. உள்ளே ஒரு சீடி, ஒரு மெல்லிய புத்தகம், மிச்சமெல்லாம் காற்று. அப்போதிருந்த மனேஜர் எனக்குச் சொல்லித்தந்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். "பெட்டி பெரிசாப் பார்த்துக் குடும்மா. பஸ்ஸில கொண்டு போறப்ப நாலு பேர் பார்க்கணும்." அந்த ஒரே அறிவை வைத்துக்கொண்டு அவர் பிரிவுபசாரம், மாலை, சுவர்க் கடிகாரம் எல்லாம் பெற்று நல்லபடியாக ஓய்வும் பெற்றார். வீடியோ எடிட் செய்யும் பெட்டிகளின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும். வாங்கிப் போனவர்கள் தங்கள் குடும்பமும் அதே மாதிரிச் சிரிக்கும் என்று நம்பினார்கள்.

பேராதனைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஒரு விரிவுரையாளருக்குப் பெட்டியில் நம்பிக்கை இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ஆராயாமல் வாங்கமாட்டார். இன்டர்நெட்டில் கிடைத்த இலவச மாதிரிப் பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சோதித்தார். மாதிரிப் பதிப்புகளின் குணம் உங்களுக்குத் தெரியும். நாம் செய்து முடிக்கும் வீடியோவின் குறுக்கே 'விலைக்கு வாங்கவும்' என்று அடித்துவிடும். அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டது மாமியாரின் பிறந்தநாள் வீடியோ. அந்த அறிவிப்பு மாமியாரின் நெற்றியிலேயே விழுந்தது. "எங்கட அம்மாவையோ விக்கப் போறியள்?" என்று மனைவி கேட்டதோடு ஆராய்ச்சி முடிந்தது.

இவர்கள் இரண்டு பேரும் சும்மா ஆரம்பத்துக்கு. நான் சொல்ல வந்தது ஹாஜியாரின் கதை.

கட்டுகஸ்தோட்டையில் அவருக்கு ஹார்ட்வெயார் கடை. சீமெந்து, கம்பி, ஆணி, தகரம். ஒருநாள் காலையில் தன் மகன் ரிஸ்வானோடு வந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பழைய வீடியோ கெஸட்டை எடுத்து கவுண்டரில் வைத்தார். கடைக்குட்டி மகள் ஃபஸீலாவின் கலியாணம். மகள் இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள், விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரப்போகிறாள், அந்தப் பிள்ளைகளுக்குக் கலியாணத்தைக் காட்ட வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. என்ன வாங்க வேண்டும்?

"ஸ்டூடியோவில குடுத்தா ஒரு நாள்ல செஞ்சு தருவாங்களே ஹாஜியார்" என்றேன்.

"ஏலா மிஸ். இதுல எங்கட பொம்பளப் புள்ளைகள் எல்லாம் ஈக்கிறாங்க. வெளி ஆம்பளைகள்ட கையில குடுக்க ஏலா. ஊட்டுக்குள்ளயே செய்யணும்."

நியாயமான காரணம். நான் கெஸட்டைக் கையில் எடுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். டேப்பின் ஓரம் முழுவதும் வெள்ளையாகப் பூஞ்சணம். கண்டியின் மழை அலுமாரிக்குள்ளும் பெய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே.

"இது ஒருதரம் ஓடும். ரெண்டாவது தரம் ஓடுமோ தெரியாது" என்றேன். "முதல்ல முழுசாக் கம்ப்யூட்டருக்குள்ள எடுத்துருவோம். எடிட் பண்ண எது நல்லதுன்னு பிறகு ஆறுதலாப் பேசலாம்."

இதைச் சொன்னபோது ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அவரும் ரிஸ்வானும் எனக்குப் பின்னாலிருந்த அலுமாரியில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வானுக்குச் சினிமாக்காரர்கள் பாவிப்பது வேண்டும். அவன் வீட்டுக் கம்ப்யூட்டரோ கடைக் கணக்கைத் திறப்பதற்கே மூச்சு வாங்கும். ஹாஜியாருக்கு எது என்றாலும் உத்தரவாதம் வேண்டும், "தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாத" ஜாதி. கடைசியில் நூற்றுக்கணக்கான விசேஷ எஃபெக்ட்கள் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய மனேஜர் இருந்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். கூடவே, கெஸட் ஓட்டும் டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் சின்னக் கருவியையும் வாங்கினார்கள். அதுதான் உண்மையில் தேவையான ஒரே பொருள். அதை ஹாஜியார் சட்டைப் பைக்குள் போட்டார். பெட்டியைத்தான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுக்கப் பொம்பளை ஆள்தான் வேண்டும் என்றதால் முதலாளி என்னை அனுப்பினார். ஹாஜியாரின் மனைவி ஹம்ஸியா உம்மா கதவைத் திறந்து, நான் உட்காருமுன்பே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கெஸட்டைத் துடைத்து டெக்கில் போட்டோம். திரையில் மண்டபம், விளக்குகள், நிரையாகக் கதிரைகள். கதிரைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையைக் கைமுட்டுவரை மடித்துவிட்ட ஒரு மனிதர், இரண்டு கையிலும் இரண்டு கதிரையோடு ஓடினார்.

"நிப்பாட்டு!" என்றார் ஹாஜியார்.

ரிஸ்வான் டெக்கை நோக்கிக் கையை நீட்டினான்.

"என்ன ஹாஜியார்?"

"அவன் வேணாம். அவன் வாற இடமெல்லாம் நிப்பாட்டி நிப்பாட்டி எடுங்க."

அவன் என்பது ஹாஜியாரின் தம்பி. இருவரும் சேர்ந்துதான் ஹார்ட்வெயார் கடையை ஆரம்பித்தார்கள். பிறகு பிரிந்தார்கள். தம்பி குண்டசாலையில் போய் இன்னொரு ஹார்ட்வெயார் கடை போட்டார். ஆண்டுக்கணக்காகப் பேச்சில்லை. ஆனால் இரண்டு கடையின் பெயர்ப் பலகையிலும் 'அன்ட் பிரதர்ஸ்' என்பது அப்படியே இருந்தது. பலகையை மாற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்று இருவருமே பயந்தார்கள்.

டெக்கிலிருந்து சரசரவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. டேப் தன் தோலை உரித்து டெக்கின் தலையில் பூசிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் நிறுத்திப் பின்னுக்கு ஓட்டினால் அறுந்துவிடும். பணம் கொடுத்த வாடிக்கையாளர் நிறுத்து என்கிறார், மகன் கை பொத்தானில் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் விளக்கம் கொடுக்கத் தொடங்கக் கூடாது பிள்ளைகளே. விளக்கம் முடிவதற்குள் பொத்தான் அமுங்கிவிடும். நான் டெக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"நிப்பாட்டினா மகள்ட நிக்காஹும் போயிரும்" என்றேன். "முழுசா ஓடட்டும். வேண்டாதத வெட்டத்தானே அவ்வளவு பெரிய பெட்டி வாங்கிருக்கீங்க?"

பெட்டியை நினைவூட்டியது வேலை செய்தது. ஹாஜியார் அடங்கினார். டேப் முடியும்வரை நான் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. முழுக் கலியாணமும் கம்ப்யூட்டருக்குள் ஏறியது. அதன்பின் ரிஸ்வான் ஆசைக்கு டேப்பைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தான். பாதி வழியில் டக்கென்று அறுந்தது.

வேலை முடிந்தது என்று நான் கடைக்குத் திரும்பினேன். பிறகுதான் வேலையே தொடங்கியது.

முதலில் ரிஸ்வான் கொஞ்சம் எடிட் பண்ணிக் காட்டியிருக்கிறான். ஹாஜியார் மண்டபத்துக்குள் நுழையும் காட்சியில் அவர் நாலாகப் பிளந்து, சுழன்று, ஒரு ரோஜாவுக்குள் மறைந்து, நட்சத்திரங்களாக வெடித்து வெளியே வந்தார். மறுநாள் ஹாஜியார் கடைக்கு வந்தார்.

"மிஸ், நான் அன்டைக்கு நடந்துதான் வந்த. எனக்கு நல்லா ஞாபகம் ஈக்கு."

அந்த எஃபெக்ட்களை எப்படி நிறுத்துவது என்று ரிஸ்வானுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவராக எனக்குக் கோல் எடுக்க ஆரம்பித்தார்கள். எல்லா அழைப்பும் "வேற யாருக்கும் சொல்ல வேணாம் மிஸ்" என்றே தொடங்கியது. ரிஸ்வானுக்குத் தன் பழைய கூட்டாளி ஒருவனை எடுத்துவிட வேண்டும், அவன் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். ஹம்ஸியா உம்மாவுக்குச் சமையல்காரருக்குத் தான் ஏசுகிற இடம் வேண்டாம், ஆனால் அதே இடத்தில் தெரிகிற புதுக் காப்பு வேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து ஃபஸீலாவே கோல் எடுத்து, தன் மாப்பிள்ளையின் மீசையை மெல்லிசாக்க முடியுமா என்று கேட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அவர் அதை எடுத்துவிட்டாராம், பிள்ளைகள் வேறு யாரோ என்று நினைத்துவிடுவார்களாம்.

சொஃப்ட்வெயார் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. அதுதான் அதன் குற்றம். ரிஸ்வான் வெட்டினான், வெட்டினான், வெட்டிக்கொண்டே போனான். ஒரு மத்தியானம் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"மிஸ், எல்லாரும் சொன்னதெல்லாம் வெட்டிட்டன். இப்ப கலியாணத்துல காத்தாடியும் கதிரையும்தான் மிஞ்சியீக்கு."

போய்ப் பார்த்தேன். மற்றவர்களை வெட்டியதால் வந்த சேதம் பெரிதல்ல. பெரிய சேதம் சாச்சாவால் வந்தது. பிள்ளைகள் சாச்சா என்று கூப்பிடும் அந்தத் தம்பி இல்லாத காட்சியே கலியாணத்தில் இல்லை. கதிரை போட்டவர் அவர். வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டவர் அவர். பலர் சேர்ந்து சாப்பிடும் சோற்றுச் சஹன் தூக்கியவர், கறி போதாது என்று கத்தியவர், மணப்பெண்ணின் நெற்றி வியர்வையைத் தன் லேஞ்சியால் ஒற்றியவர், எல்லாம் அவர். அவரை வெட்டினால் கலியாணத்தையே வெட்ட வேண்டும்.

ஹாஜியார் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "ஆள் ஈக்கட்டும். மொகம் மட்டும் வேணாம். மேல ஏதாச்சும் ஒட்டு."

அந்தப் பெரிய பெட்டியின் பெருமையே அதுதான். ஒரு படத்தை ஒரு முகத்தின் மேல் ஒட்டிவிட்டால், முகம் போகுமிடமெல்லாம் படமும் போகும். ரிஸ்வான் சொஃப்ட்வெயாருக்குள் இருந்த படங்களில் தேடினான். நாய்க்குட்டி, இதயம், பலூன். கடைசியில் மரியாதையாக இருக்கும் என்று ஒரு சூரியகாந்தியைத் தெரிவுசெய்தான். நல்ல மஞ்சள், நடுவே கண்ணும் சிரித்த வாயும்.

வேலை முடிந்த அன்று ஹாஜியார் என்னை மறுபடியும் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் இருந்த முழு வீடியோவை, அந்த வெட்டாத மூலத்தை, அழித்துவிட வேண்டுமாம்.

"ரிஸ்வானுக்கே செய்யத் தெரியுமே ஹாஜியார்."

"அவன் ஏலா எண்டு சொல்றான். நீங்க செய்ங்க."

டேப் அறுந்துவிட்டது. உலகத்தில் அந்தக் கலியாணம் இப்போது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. ரிஸ்வான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹம்ஸியா உம்மா கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அவருடைய கம்ப்யூட்டர், அவருடைய மகள், அவருடைய தம்பி. எனக்கு அதில் என்ன உரிமை? அதனால் நான் மறுக்கவில்லை. ஃபைலைத் தெரிவுசெய்து, 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும் இடம்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு எழும்பினேன். மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுல ஆம்னு ஒருக்கா அமுக்குங்க ஹாஜியார். சொந்தக்காரங்க கையால செய்றதுதான் முறை."

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டார். மவுஸின் மேல் கை இருந்தது. கம்பியையும் சீமெந்தையும் தூக்கித் தடித்த விரல். அது கொஞ்சமும் அசையவில்லை. பிறகு சட்டென்று எழும்பினார்.

"லுஹருக்கு நேரமாகிட்டு" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். லுஹர் தொழுகைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. நான் 'இல்லை' என்பதை அமுக்கிவிட்டுக் கடைக்கு வந்தேன்.

ஃபஸீலா குடும்பத்தோடு வந்து சேர்ந்ததும், கம்ப்யூட்டரைப் பெரிய டீவியில் இணைக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஹோல் நிறையச் சொந்தக்காரர்கள். இனிப்புக்கு வட்டிலப்பம் கைமாறிக்கொண்டிருந்தது. படம் தொடங்கியது.

சூரியகாந்தி ஒன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதிரை தூக்கி ஓடியது. வாசலில் நின்று பெரியவர்களுக்குக் கை கொடுத்தது. சஹனைச் சுமந்துகொண்டு இடுக்கு வழியாக நுழைந்தது. சமையல்காரரைப் பார்த்துக் கையை ஆட்டி ஏசியது, ஏசும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் அது யார் என்று தெரிந்தவர்கள். சிலர் வட்டிலப்பத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபஸீலாவின் சின்ன மகளுக்கு மட்டும் தெரியாது. "உம்மா, இந்தப் பூ ஏன் எல்லாருக்கும் சோறு போடுது?" என்று கேட்டாள்.

ஃபஸீலா பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அதற்குள் கடைசிக் காட்சி வந்துவிட்டது. மகளை வழியனுப்பும் நேரம். கார் நகர்ந்ததும் ஹாஜியார், அந்தக் காலத்து ஹாஜியார், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதவரைச் சூரியகாந்தி தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. அவர் அதன் தோளில் முகத்தைப் புதைத்தார். மஞ்சள் இதழ்கள் அவர் தொப்பியில் உரசின. பூ சிரித்துக்கொண்டிருந்தது.

யாரோ ஒருவரால் அடக்க முடியவில்லை. ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு ஹோல் முழுவதும் பரவியது. ஹம்ஸியா உம்மா சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரிஸ்வான்" என்றார். "மத்தத போடு."

"எது வாப்பா?"

"வெட்டாதத."

ரிஸ்வான் வெட்டாததைப் போட்டான். எஃபெக்ட் ஒன்றும் இல்லை. படம் அங்கங்கே நடுங்கியது, கோடு விழுந்தது. மீசையோடு மாப்பிள்ளை வந்தார். ஹம்ஸியா உம்மா சமையல்காரருக்கு ஏசினார். கூட்டாளி ரிஸ்வானின் தோளில் கை போட்டுச் சிரித்தான். பூவுக்குள்ளிருந்து அந்த மனிதர் வெளியே வந்தார், இளம் தொந்தியோடு, வியர்த்து வழிந்துகொண்டு. வழியனுப்பும் காட்சியில் அவரும் அழுதுகொண்டிருந்ததை இப்போதுதான் எல்லாரும் கவனித்தோம்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "அந்த நேரத்திலயே இவனுக்கு முடி கொட்டத் தொடங்கிட்டு" என்றார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "வட்டிலப்பம் மிச்சம் ஈக்குதா?" என்று கேட்டார்.

"ஈக்கு வாப்பா" என்றாள் ஃபஸீலா.

"அப்ப சாச்சாவுக்குக் கோல் எடு. கெட்டுப் போக முந்தி வரச் சொல்லு. நான் சொன்ன எண்டு சொல்ல வேணாம். வட்டிலப்பம் சொன்ன எண்டு சொல்லு."

குண்டசாலையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு த்ரீவீலர் அவ்வளவு வேகத்தில் வந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சாச்சா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். தலையில் ஒரு முடியும் இல்லை. ஹாஜியார் பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளிவிட்டார். அவ்வளவுதான் வரவேற்பு. சாச்சா உட்கார்ந்தார். சின்னப் பேத்தி ஓடிப்போய், "நீங்கதான் பூவா?" என்று கேட்டுவிட்டாள். பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. சூரியகாந்திப் படத்தை அவருக்கும் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"என்னவிட அழகாத்தான் ஈக்கு நானா" என்றார் அண்ணனிடம்.

"ரிஸ்வான்ட வேல" என்றார் ஹாஜியார், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கவுண்டருக்கு வருகிறவர் எந்த சொஃப்ட்வெயார் நல்லது என்று கேட்டால், முதலில் அவர் கையிலிருக்கும் டேப் எவ்வளவு காலம் தாங்கும் என்று பாருங்கள். முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் எடுக்கச் சொல்லுங்கள். யாரை வெட்டச் சொன்னாலும் வெட்டிக் கொடுங்கள், அது உங்கள் வியாபாரம். மூலத்தை அழிக்கச் சொன்னால் மட்டும், கேள்விவரை கொண்டுபோய்விட்டு மவுஸை அவர் கையில் கொடுங்கள். அநேகமானவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

அடுத்த வாரமே சாச்சா கடைக்கு வந்தார். அவர் கையிலும் ஒரு கெஸட், அவருடைய மூத்த மகனின் கலியாணம். நானாவும் தம்பியும் பிரியுமுன் நடந்தது.

"இதையும் எடுக்கணும் மிஸ். முழுசா. ஒண்டும் வெட்ட வேணாம்."

எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. "அப்ப சொஃப்ட்வெயார் ஒண்ணும் தேவையில்ல" என்றேன். "அந்தச் சின்னக் கருவி மட்டும் போதும்."

சாச்சா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கவுண்டருக்கு மேலால் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்ல மிஸ், சொஃப்ட்வெயாரும் வேணும். இதுல ஒரு எடத்துல எங்கட நானா முன்வரிசையில ஈந்துக்கிட்டு வாயப் பொளந்து கொட்டாவி விடுறாரு. அத மட்டும் கொஞ்சம் மெதுவா, பெரிசா, திரும்பத் திரும்ப வாற மாதிரி போட ஏலும்தானே?"